இணையத்தில் நாம் செய்வதை யாரெல்லாம் அறிய முடியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் கைப்பேசியிலோ வீட்டு இணைப்பிலோ இணையத்தைப் பயன்படுத்தும் ஒருவருக்கு எழும் ஐயங்களை மனத்தில் கொண்டு இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. சட்டம் பற்றிய செய்திகள் இந்தியச் சட்டத்துக்கு உரியவை.

ஒருவருடைய இணையச் செயல்பாட்டை உண்மையிலேயே கண்டறிய முடியுமா?

முடியும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஒருவர் என்று யாரும் இல்லை. சிம் கொடுத்த நிறுவனத்துக்கு ஒரு பகுதி தெரியும், நீங்கள் திறந்த இணையதளத்துக்கு வேறொரு பகுதி தெரியும், விளம்பர நிறுவனத்துக்கு இன்னொரு பகுதி தெரியும், கைப்பேசியைக் கையில் எடுத்துப் பார்க்கும் வீட்டாருக்கு இவர்கள் யாருக்கும் தெரியாத ஒரு பகுதி தெரியும். இவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியே அரைகுறையானது. இரண்டு குறிப்புகளை நேரத்தை வைத்து ஒப்பிட்டுச் சேர்க்கும்போதுதான் பெயரும் முகவரியும் வெளிப்படுகின்றன. ஆகவே “கண்காணிக்க முடியுமா” என்று கேட்பதோடு நிற்காமல், யார் கையில் எந்தக் குறிப்பு இருக்கிறது, அதை வேறு எதனோடு சேர்க்க முடியும் என்றும் கேட்க வேண்டும்.

ஐபி முகவரி கிடைத்தால் என் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாமா?

ஐபி முகவரி என்பது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண். பொதுமக்களில் ஒருவர் அதை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஐபி முகவரியைக் கொடுத்தால் ஊரைக் காட்டும் இணையதளங்கள் பல உள்ளன. அவை பெரும்பாலும் இணையச் சேவை நிறுவனத்தின் பெயரையும் தோராயமாக ஒரு நகரத்தையும் மட்டுமே சொல்லும். மதுரையில் இருப்பவரைச் சென்னையில் இருப்பதாகக் காட்டுவதும் வழக்கமே.

பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடிதான். உலகத்தின் தேவைக்கு அவை போதாததால், ஒரே முகவரியை ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் முறையைக் கைப்பேசி நிறுவனங்கள் கையாள்கின்றன. அப்படிப் பகிரப்படும்போது, முகவரி ஒன்றை மட்டும் சொன்னால் அது யாரென்று அந்த நிறுவனத்தாலேயே சொல்ல முடியாது. எந்த நொடியில், எந்தப் போர்ட் எண்ணில் (ஒரே முகவரியைப் பகிர்வோரின் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) இணைப்பு நடந்தது என்பதும் தெரிந்தாக வேண்டும். இவை மூன்றும் கிடைத்துவிட்டால் சந்தாதாரரின் பெயர், அடையாளச் சான்று, முகவரி ஆகிய அனைத்தும் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கின்றன.

என் இணையச் சேவை நிறுவனம் எதைப் பதிவு செய்து வைக்கிறது?

ஐபி விவரப் பதிவு என்று ஒன்று உண்டு. காவல் துறையில் ஐபிடிஆர் என்பார்கள். அதில் ஒரு வரியை எடுத்துப் பார்த்தால் பொதுவாக உங்கள் கைப்பேசி எண், உங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஐபி முகவரி, போர்ட் எண், நீங்கள் தொடர்புகொண்ட சர்வரின் முகவரி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கடத்தப்பட்ட தரவின் அளவு, உங்கள் கைப்பேசி அப்போது எந்தக் கோபுரத்தோடு இணைந்திருந்தது என்பன இருக்கும். கைப்பேசியைத் தொடாமல் வைத்திருந்தாலும் அதிலுள்ள செயலிகள் பின்னணியில் தொடர்புகொண்டபடியே இருப்பதால், ஒரே நாளில் ஒருவருக்கு ஏராளமான வரிகள் சேர்ந்துவிடும்.

முன்பு இந்தப் பதிவுகளை ஓராண்டு வைத்திருந்தால் போதும் என்று உரிம விதி இருந்தது. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை அதைக் குறைந்தது 2 ஆண்டுகள் என்று மாற்றியது.

நீங்கள் என்ன படித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது அந்தப் பதிவில் இராது. இன்று பெரும்பாலான இணையதளங்கள் எச்டிடிபிஎஸ் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டே இயங்குவதால், சேவை நிறுவனத்தின் நிலை அஞ்சல் உறையின் மேலே உள்ள முகவரியைப் படிக்க முடிகிற, உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்க முடியாத தபால்காரரின் நிலைதான். ஒரு மருத்துவ இணையதளத்தைத் திறந்தீர்கள் என்பது தெரியும். அதில் எந்த நோயைப் பற்றிய பக்கத்தைப் படித்தீர்கள் என்பது தெரியாது. இணையதளத்தின் பெயர் மட்டும் இரண்டு வழிகளில் வெளியே தெரிகிறது. அந்தப் பெயருக்குரிய முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கோரிக்கை ஒன்று. இணைப்பு தொடங்கும்போது பிரவுசர் அந்தப் பெயரைத் திறந்த நிலையில் அனுப்புவது மற்றொன்று. இரண்டையும் மறைக்கும் வசதிகள் புதிய பிரவுசர்களில் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் எல்லா இணையதளங்களும் அவற்றுக்கு இன்னும் இடம் கொடுக்கவில்லை.

பெயர் மட்டும்தானே தெரிகிறது என்று அமைதி கொள்ள முடியாது. குடிநோய் மறுவாழ்வு மையம் ஒன்றின் இணையதளத்தை இரவு ஒரு மணிக்கு ஒருவர் தொடர்ந்து பல நாட்கள் திறந்திருந்தால், உள்ளே என்ன படித்தார் என்று தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை.

காவல் துறை நினைத்தால் பார்த்துவிடலாமா?

இரண்டு வேறு செயல்கள் இங்கே குழப்பிக்கொள்ளப்படுகின்றன. ஏற்கெனவே சேமிக்கப்பட்ட பதிவைக் கேட்டுப் பெறுவது ஒன்று. இப்போது நடந்துகொண்டிருக்கும் தகவல் தொடர்பை இடைமறிப்பது மற்றொன்று.

முதலாவதுக்கு, விசாரணைக்குத் தேவையான ஆவணத்தைக் கொடுக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கும், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் வழங்குகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 91ஆம் பிரிவாக இருந்தது. இரண்டாவதுக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவும் 2009ஆம் ஆண்டு விதிகளும் உள்ளன. மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளரின் ஆணை இதற்குத் தேவை. 2018 டிசம்பரில் இந்தப் பிரிவின் கீழ் இடைமறிக்கும் அதிகாரம் பெற்ற 10 மத்திய முகமைகளின் பட்டியலை உள்துறை அமைச்சகம் வெளியிட்டது.

இவற்றில் எங்கும் நீதிபதியின் முன்அனுமதி கட்டாயமில்லை. ஆணையிடுவதும் நிர்வாகம், அதை மறுஆய்வு செய்யும் குழுவும் நிர்வாகத்தின் செயலாளர்களைக் கொண்டது. கண்காணிக்கப்பட்டவருக்குப் பின்னாளில்கூட அது தெரிவிக்கப்படுவதில்லை. தெரியாத ஒன்றை எதிர்த்து யாரும் வழக்குத் தொடுக்க முடியாது என்பதால், இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய குறையாக இதையே நான் கருதுகிறேன்.

பதிவு என் பெயரைக் காட்டினால், செய்தவர் நான்தான் என்று ஆகிவிடுமா?

ஆகாது, ஆகவும் கூடாது. பதிவு காட்டுவது இணைப்பை, ஆளை அல்ல. ஒரே வைஃபையை மாடியில் குடியிருப்பவரும், விருந்துக்கு வந்த உறவினரும், கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்ட பக்கத்து வீட்டுப் பையனும் பயன்படுத்தியிருக்கலாம்.

இதைவிட அச்சமூட்டுவது பதிவே தவறாக எடுத்துக் கொடுக்கப்படுவது. 2007இல், ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் வெளியிடப்பட்டது தொடர்பாக, பெங்களூரில் பணியாற்றிய கணினிப் பொறியாளர் ஒருவரைப் புனே காவல் துறை கைது செய்தது. படம் ஏற்றப்பட்ட ஐபி முகவரி அவருடையது என்று இணையச் சேவை நிறுவனம் தெரிவித்ததே அதற்கு அடிப்படை. அந்த முகவரி அவருடையதே அல்ல என்பது பின்னர் தெரியவந்தது. அதற்குள் அவர் 50 நாட்கள் சிறையில் இருந்துவிட்டார்.

வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் பதிவுகளைத் தருகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பது. அந்த மாற்றத்தை ஒருவர் செய்ய மறந்தால், அல்லது முற்பகலைப் பிற்பகலாகப் படித்தால், வேறொரு வாடிக்கையாளரின் பெயர் வந்து நிற்கும். இத்தகைய வழக்கில் சிக்கியவருக்கு ஆஜராகும் வழக்கறிஞர் முதலில் கேட்டுப் பெற வேண்டியவை, நேர மண்டலம் குறிக்கப்பட்ட மூலப் பதிவும் போர்ட் எண்ணும்தான்.

இன்காக்னிட்டோ சாளரத்தில் பார்த்தால் யாருக்கும் தெரியாதல்லவா?

இன்காக்னிட்டோ என்பது பிரவுசரில் உள்ள தனிப்பட்ட உலாவல் சாளரம். அதில் பார்த்தது, அதே கணினியை அடுத்துப் பயன்படுத்துபவருக்குத் தெரியாது. அவ்வளவுதான். சாளரத்தை மூடியதும் அந்த அமர்வின் ஹிஸ்டரியும் குக்கிகளும் (இணையதளங்கள் வைக்கும் சிறு கோப்புகள்) உங்கள் சாதனத்திலிருந்து அழிந்துவிடும். சேவை நிறுவனம், அலுவலக நெட்வொர்க், நீங்கள் திறந்த இணையதளம் ஆகியவற்றுக்கு எந்த மறைப்பும் இல்லை. அந்தச் சாளரத்திலேயே ஜிமெயிலைத் திறந்தால், அதன் பிறகு தேடியவை உங்கள் கணக்கிலும் பதியக்கூடும்.

இன்காக்னிட்டோவில் இருந்தபோதும் தரவு திரட்டப்பட்டது என்று கூகுள் மீது அமெரிக்காவில் 2020இல் வழக்குத் தொடரப்பட்டது. 2024இல் சமரசத்துக்கு வந்த அந்நிறுவனம், அவ்வாறு சேர்ந்த பதிவுகளை அழிக்கவும், அந்தச் சாளரத்தில் காட்டப்படும் விளக்கத்தைத் திருத்தவும் ஒப்புக்கொண்டது.

செருப்பு ஒன்றைத் தேடினேன். இரண்டு வாரமாகச் செருப்பு விளம்பரமே வருகிறது. எப்படி?

குக்கி என்பது 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி உருவாக்கியது. ஒரு கடைத்தளம், வந்தவரின் கூடையில் என்ன இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள உதவும் எளிய சிறு கோப்பாகவே அது தொடங்கியது. கடைத்தளம் தன் பக்கத்தில் விளம்பர நிறுவனத்தின் நிரல் ஒன்றைச் சேர்க்கும்போது, அந்த நிறுவனமும் தன் குக்கியை உங்கள் பிரவுசரில் வைத்துவிடுகிறது. அதே நிரல் செய்தித் தளத்திலும் சமையல் தளத்திலும் இருந்தால், மூன்று இடங்களிலும் வந்தவர் ஒருவரே என்று அதற்குத் தெரிந்துவிடும். சஃபாரி 2020இல் இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுமையாகத் தடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் அவற்றை ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே பிரித்து வைக்கிறது. குரோமில் நிறுத்தப்போவதாகப் பல ஆண்டுகள் சொல்லிவந்த கூகுள், 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

குக்கியே இல்லாமலும் அடையாளம் காண முடியும். உங்கள் பிரவுசரின் பதிப்பு, திரையின் அளவு, நிறுவப்பட்ட எழுத்துருக்கள், நேர மண்டலம், மொழி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சேர்க்கை பெரும்பாலும் தனித்துவமானதாக இருக்கும். இணைய உரிமைகளுக்கான அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட பிரவுசர்களில் 83.6 விழுக்காடு மற்ற எதனோடும் ஒத்துப்போகாதவையாக இருந்தன. தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றைக் கூடுதலாக நிறுவி வைத்திருக்கும் கணினி, அந்த அளவுக்குக் கூடுதலாகத் தனித்துத் தெரியும்.

பேசிக்கொண்டிருந்த பொருளுக்கே விளம்பரம் வருகிறது. கைப்பேசி ஒட்டுக் கேட்கிறதா?

அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் 17,260 ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். ரகசியமாக ஒலியைப் பதிவு செய்து அனுப்பியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் சில செயலிகள் திரையில் நடப்பதைப் படமாகப் பதிவு செய்து மூன்றாம் தரப்புக்கு அனுப்பியது தெரியவந்தது. ஒலியைக் கேட்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. உங்களோடு பேசிய நண்பர் அதே வைஃபையிலிருந்து அந்தப் பொருளைத் தேடியிருப்பார். இருவரும் ஒரே இடத்தில் இருந்தது இருப்பிடத் தரவில் இருக்கும். அது போதுமானது.

பெயர் இல்லாமல்தானே தரவைச் சேமிக்கிறார்கள்?

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஏறத்தாழ 6,50,000 பயனர்கள் மூன்று மாதங்களில் தேடிய சொற்களை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. பெயர்களை நீக்கிவிட்டு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். ஆனால் மனிதர்கள் தங்கள் ஊரின் பெயரைத் தேடுகிறார்கள், தங்கள் குடும்பப் பெயருள்ளவர்களைத் தேடுகிறார்கள், தங்களுக்கு இருக்கும் வலியையும் வளர்க்கும் நாயின் பழக்கத்தையும் தேடுகிறார்கள். ஓர் எண்ணின் கீழ் இருந்த இத்தகைய தேடல்களை வரிசையாகப் படித்தே, நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் சில நாட்களில் ஒரு முதிய பெண்மணியின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அந்தத் தேடல்கள் தம்முடையவைதான் என்று அவர் உறுதிசெய்தார். “பெயர் நீக்கப்பட்டது” என்று ஒரு செயலியின் தனியுரிமைக் கொள்கையில் படிக்கும்போது, இந்த நிகழ்வை நினைத்துக்கொள்வது நல்லது.

விபிஎன் பயன்படுத்தினால் தப்பலாமா?

விபிஎன் உங்கள் இணைப்பை மறையாக்கம் செய்து வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்புகிறது. அதாவது அது நம்பிக்கையை இடம் மாற்றுகிறது. சேவை நிறுவனத்துக்குத் தெரிந்தவை இனி விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். அந்த நிறுவனம் யாருடையது, இலவசமாக ஏன் தருகிறது என்று கேட்காமல் செயலியை நிறுவுவது, இருந்ததைவிட மோசமான நிலைக்குக் கொண்டுபோகலாம்.

இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையில், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கப்பட்ட ஐபி ஆகியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. அதை ஏற்காத எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகியவை இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை அகற்றிக்கொண்டன. அலுவலகங்கள் தம் ஊழியர்களுக்குத் தரும் விபிஎன்களுக்கு இந்த ஆணை பொருந்தாது.

டோர்?

அடையாளத்தை மறைக்கப் பயன்படும் மென்பொருளான டோர், உங்கள் இணைப்பை மூன்று இடைநிலைக் கணினிகள் வழியாக அனுப்புவதால், உங்களையும் நீங்கள் சென்ற இடத்தையும் சேர்த்துப் பார்ப்பது மிகக் கடினம். ஆனால் நீங்கள் டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது உங்கள் நெட்வொர்க்குக்குத் தெரியும். 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு டோர் வழியாகப் பொய்யான வெடிகுண்டு மிரட்டல் அஞ்சல் வந்தது. தேர்வைத் தள்ளிப்போடவே அதை அனுப்பியதாக ஒரு மாணவர் பின்னர் ஒப்புக்கொண்டார். டோரை யாரும் உடைக்கவில்லை. அஞ்சல் டோரிலிருந்து வந்தது தெரிந்தது. அந்த நேரத்தையொட்டி வளாக வைஃபையிலிருந்து டோரைப் பயன்படுத்தியவர்களில் அவரும் ஒருவர் என்பது நெட்வொர்க் பதிவில் இருந்தது. விசாரணை அதிகாரிகள் நேரில் சென்று கேட்டார்கள். இரண்டு சாதாரணக் குறிப்புகள் நேரத்தால் இணைந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வாட்ஸ்அப் செய்திகளை யாராவது படிக்க முடியுமா?

2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் முழு மறையாக்கத்தில் செல்வதால், வழியில் யாரும் படிக்க முடியாது. யாரோடு, எப்போது தொடர்புகொண்டீர்கள் என்பதை நிறுவனம் அறியும். கூகுள் டிரைவில் சேமிக்கப்படும் பேக்கப்புக்குத் தனியே மறையாக்கத்தை நீங்களே இயக்க வேண்டும். 2021இல் வந்த அந்த வசதியைப் பலர் இன்னும் தொடவே இல்லை. கைப்பேசியிலேயே உளவு மென்பொருள் நுழைந்துவிட்டால் எந்த மறையாக்கமும் உதவாது, ஏனெனில் திரையில் நீங்கள் படிப்பதை அதுவும் படிக்கும். பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, ஆய்வுக்கு வந்த 29 கைப்பேசிகளில் ஐந்தில் தீங்கு மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் 2022இல் தெரிவித்தது.

அலுவலகத்திலும் பிரவுசிங் சென்டரிலும்?

அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் எதையும் தனிப்பட்டதாகக் கருதாதீர்கள். அதில் நிறுவனத்தின் சான்றிதழை நிறுவி, எச்டிடிபிஎஸ் மறையாக்கத்தையே பிரித்துப் படித்துவிட்டு மீண்டும் மூடி அனுப்பும் ஏற்பாடு பல நிறுவனங்களில் உண்டு. பிரவுசிங் சென்டர்களைப் பொறுத்தவரை, வருபவரின் அடையாளச் சான்றையும் பார்த்த இணையதளங்களின் ஹிஸ்டரியையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

என் கணவர் நான் பார்ப்பதையெல்லாம் அறிந்திருக்கிறார். இது சாத்தியமா?

சாத்தியம், அதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. உங்கள் கைப்பேசி சில நிமிடங்கள் கையில் கிடைத்தால் வாட்ஸ்அப்பை வேறொரு கணினியோடு இணைத்துவிடலாம். ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத சாதனம் இருந்தால் அங்கே பெயரோடு தெரியும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியிலும் எந்தெந்தச் சாதனங்களில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியல் உள்ளது. கைப்பேசியை அவரே வாங்கித் தந்து, அவருடைய மின்னஞ்சலிலேயே அமைத்துக் கொடுத்திருந்தால் தேடல்களும் இருப்பிடமும் நேராக அவருக்கே போகும்.

பெண்ணொருவரின் இணையம், மின்னஞ்சல், பிற மின்னணுத் தொடர்புப் பயன்பாட்டை ஓர் ஆண் கண்காணிப்பது குற்றம் என்று இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. முதல் முறை 3 ஆண்டுகள் வரையிலும், மறுமுறை 5 ஆண்டுகள் வரையிலும் சிறைத் தண்டனை உண்டு. வீட்டில் அடி உதையும் இருக்குமானால், கண்காணிக்கும் செயலி ஒன்றைக் கண்டுபிடித்தால் உடனே அதை நீக்கிவிடாதீர்கள். நீக்கியது நிறுவியவருக்குத் தெரியும், அதுவே ஆபத்தாகலாம். வேறொருவரின் கைப்பேசியிலிருந்து 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்துப் பேசிவிட்டு, பாதுகாப்பான இடம் உறுதியான பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

“உங்கள் இணையச் செயல்பாடு கண்காணிக்கப்பட்டது, அபராதம் கட்டுங்கள்” என்று திரை முழுவதும் செய்தி வந்தது. கட்ட வேண்டுமா?

கட்ட வேண்டாம். அரசு முத்திரையோடு பிரவுசரை முடக்கியதுபோல் தோன்றும் அந்தப் பக்கம் ஒரு சாதாரண இணையப் பக்கம்தான். உங்களைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது. பிரவுசரை மூடுங்கள், மூட முடியாவிட்டால் சாதனத்தை அணைத்து இயக்குங்கள். எந்தக் காவல் துறையும் பிரவுசரில் அபராதம் கேட்பதில்லை. வீடியோ அழைப்பில் கைது செய்வதற்கு இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை.

உங்கள் பழைய கடவுச்சொல்லைக் குறிப்பிட்டு, “கேமராவில் உங்களைப் படம் பிடித்துவிட்டோம்” என்று மிரட்டும் மின்னஞ்சலும் இதே வகை. அந்தக் கடவுச்சொல் எங்கோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் கிடைத்தது. படம் எதுவும் இல்லை. அதை இன்னும் எந்தக் கணக்கிலாவது பயன்படுத்தினால் உடனே மாற்றுங்கள். பணம் போய்விட்டிருந்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் வங்கி அதை நிறுத்திவைக்க முடிவது அந்தத் தொடக்க நேரத்தில்தான்.

அரை மணி நேரம் ஒதுக்கினால் எதைச் செய்யலாம்?

முதலில் கூகுள் கணக்கில் ‘மை ஆக்டிவிட்டி’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு எந்த வீடியோ, எந்தத் தேடல், எந்தச் செயலி என்று வரிசையாக இருக்கும். 3 மாதத்துக்கு மேற்பட்டவை தாமாக அழியும்படி அங்கேயே அமைக்கலாம். இருப்பிட வரலாற்றை நிறுத்தியது மட்டும் போதாது. ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ என்ற மற்றோர் அமைப்பும் இருப்பிடத்தைப் பதிவு செய்துவந்தது. அதைப் பயனர்களுக்குத் தெளிவாகச் சொல்லாததற்காக, அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுக்க கூகுள் 2022இல் ஒப்புக்கொண்டது.

அடுத்து, ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விளம்பர அடையாள எண்ணை நீக்குங்கள். ஐபோனில், பிற செயலிகளில் உங்களைத் தொடர அனுமதி கேட்பதையே மறுத்துவிடலாம். டார்ச் செயலிக்கு எதற்குத் தொடர்புப் பட்டியல் என்று ஒவ்வொரு அனுமதியையும் கேட்டுப் பாருங்கள். கடைசியாக, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் உள்ளன என்று பாருங்கள். நீங்கள் வாங்காத எண் ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால், அதிலிருந்து யாரோ செய்யும் எல்லாமும் உங்கள் பெயரில்தான் பதிவாகின்றன. அது உங்களுடையதல்ல என்று அங்கேயே புகார் செய்யலாம்.